தைப் பௌர்ணமியில் கூவாத விலை

திரு பொலிக! மலை மிளகும் கடல் முத்தும் குறையாத கொற்றங்கரை நாட்டை ஆளும் கோமாதேவி அவனிநங்கையார் திருவாய் மலர்ந்தருளியபடி, அரண்மனை ஓலைநாயகம் எழுதியது. ஏழு துறைமுகங்களின் வணிக மன்றங்களை ஒன்றாகக் கூட்டிய பேரவையின் தலைவர், பொன்னந்துறைப் பெருவணிகர் சாத்துவனார் காண்க. தங்கள் மாடமும் மரக்கலங்களும் நலமே வாழ்க. அந்த நலம் தங்களுக்கு இனி மிகவும் தேவைப்படும்.

சென்ற ஆவணியில் எம் நாட்டு விலைகூறி குழைக்காதர், கொற்றங்கரை மன்றுக்கும் பேரவையில் ஓர் ஆசனம் கேட்டுத் தங்கள் வாயிலுக்கு வந்தார். முப்பது ஆண்டுகளாக எம் மன்றின் மேடை ஏறி, உச்சிப்பொழுதில் மிளகின் விலையைக் கூவுகிறவர். ஒரு நாளும் கூட்டியோ குறைத்தோ கூவாதவர். அவரை மூன்று நாள் செருப்பு விடும் இடத்தில் நிற்க வைத்தீர்கள். நான்காம் நாள் அவர் பேச வாயெடுத்தபோது, ஆசனம் இல்லாதவருக்கு இங்கே வாயும் இல்லை என்றீர்கள். ஏழு மன்றத்தாரும் வயிறு குலுங்கச் சிரித்தார்களாம். அடடா, என்ன சிரிப்பு! திரும்பி வந்து மாதேவியிடம் அதைச் சொல்லும்போது, கூவிக் கூவி உரமேறிய அந்தக் குரல் உடைந்துபோயிற்று. அறுபது வயதுக்காரர் சபை நடுவே கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாதேவிக்கு நெஞ்சு கொதித்தது. அன்று முழுதும் அவர் உணவு கொள்ளவில்லை.

படை எடுக்கவே மாதேவி எண்ணினார். குழைக்காதரோ, படை வேண்டா, தைப் பௌர்ணமியன்று தமக்கு ஒரு நாள் ஓய்வு தந்தால் போதும் என்று விண்ணப்பித்தார். காரணம் தாங்கள் அறிந்ததே. வரப்போகும் மிளகை முன்கூட்டியே விற்று, விலையைப் பின்னர் தீர்க்கும் தங்கள் முன்பேர ஓலைகளைச் சற்றே புரட்டிப் பாருங்கள். ஏழு நகரத்து ஓலைகளிலும் கடைசி வரி ஒன்றே: தைப் பௌர்ணமி உச்சிப்பொழுதில் கொற்றங்கரை மேடையில் கூவும் விலையே விலை. எங்களைத் தள்ளி வைத்தவர்கள் அந்த வரியைத் தள்ளி வைக்க மறந்துவிட்டீர்கள்.

இவ்வோலை குதிரையில் போக வேண்டா, மாட்டுவண்டியிலேயே ஆடி அசைந்து போகட்டும் என்று மாதேவி பணித்தார். ஆகவே இதைத் தாங்கள் பிரிக்கும்போது பௌர்ணமி கடந்திருக்கும். எம் மேடையில் எவரும் ஏறியிருக்கமாட்டார். வாங்கியவரும் விற்றவரும் ஒருவர் குடுமியை ஒருவர் பிடித்துக்கொண்டு தங்கள் வாயிலில் நிற்பார்கள், நன்றாக நிற்கட்டும். எம் உழவர்களின் மிளகை மாதேவி முன்னமே அரண்மனைப் பண்டாரத்துக்கு வாங்கிவிட்டார். இங்கே அழ ஒருவரும் இல்லை.

விலை வேண்டுமாயின் தாங்களே நேரில் வருக. எம் மன்றிலும் செருப்பு விடும் இடம் உண்டு. மூன்று நாள் நிற்கலாம். நான்காம் நாள் குழைக்காதர் ஆசனத்தில் அமர்ந்து தங்களைப் பார்ப்பார். அதன்பின் கூவுவதும் கூவாததும் அவர் விருப்பம். அரசு அதில் தலையிடாது. இது கோமாதேவியின் ஆணை.

மிளகுக்கொடி முத்திரை இட்டு, தை மாதம் மூன்றாம் நாள் விடுத்தோம்.

இதற்குச் சாட்சியாக ஒப்பமிட்டது: இவை வாய் இல்லாத குழைக்காதர் எழுத்து.