மூட்டையில் மிஞ்சிய வேர்

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம்தானே? வேர்க் கஷாயம் குடித்துக் கால் பெருவிரல் வீக்கம் வற்றிவிட்டதாக அம்மா எழுதியிருந்தாள்.

இங்கே எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு கூத்து. யூரிக் அமிலம் குறைய, ஒரு கொடியின் வேரைக் காய்ச்சி எலிகளுக்குக் கொடுக்கிறோம். எங்கள் கூடத்து வண்டி ஓட்டும் டிரைவர் அண்ணனுக்கும், அந்த அமிலம் ஏறி விரல் வீங்கும் உங்கள் நோய்தான். மூட்டையில் மிஞ்சிய வேரை வீட்டில் கஷாயம் போட்டுக் குடித்திருக்கிறார். "வலி போன இடமே தெரியல தங்கச்சி!" என்று குதித்தார். முகம்கூடப் பூசினாற்போல் ஆனது. "மாமியார் வீட்டுச் சாப்பாடாண்ணே?" என்று கேலி செய்தோம்.

இப்போது ஆஸ்பத்திரியில் இருக்கிறார். பயப்படாதீர்கள், நன்றாகப் பேசுகிறார். சிறுநீர்தான் இறங்கவில்லை. எலிகளுக்கும் அமிலம் குறைந்தது. அப்புறம்தான் சிறுநீரகம் கெட்டது.

உங்கள் வேர் வேறாகத்தான் இருக்கும். இருந்தாலும் ஒரு துண்டை, இதைக் கொண்டுவரும் தோழியிடமே கொடுத்தனுப்புங்கள். அதுவரை குடிக்காதீர்கள். ரத்தப் பரிசோதனைக்கு நாளையே போங்கள். பதிலை நீளமாக எழுதுங்கள். இங்கே சாயங்காலங்களில் பேச ஆளில்லை.

தோழி செருப்பை மாட்டிவிட்டாள், முடிக்கிறேன். அம்மாவிடம் உங்கள் கணுக்காலை விரலால் அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். விழுகிற குழி உடனே எழும்ப வேண்டும். நீங்களும் இப்போது பூசினாற்போல் இருப்பதாக அவள் சந்தோஷமாக எழுதியிருந்தாள் அப்பா.

உங்கள் மகள்