ஸ்டெல்லாவின் படிப்புக் கடனும் பதினெட்டாம் தேதிக் கெடுவும்

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலேயே தூறல். திராட்சைக்கு ஆகாத மழை. கேரளா லோடு 140 பெட்டி. வெடிச்ச பழம் 22 பெட்டி, கழிச்சாச்சு. கோட்டயத்துக்காரன் பழைய பாக்கி இன்னும் அனுப்பலை. போன் போட்டா "நாளெ இடாம் சேட்டா". மலையாளத்துல நாளைன்னா மூணு வாரம்போல.

பால்ராசு வந்தான். திராட்சைத் தோட்டத்துக்கு என்கிட்ட வாங்கின முன்பணம் முப்பதாயிரம், போன மாசமே திருப்பியிருக்கணும். காத்துல பந்தல் சாய்ஞ்சிருச்சாம். கெடு கேட்டான். கொடுக்கலை. நம்ம வழக்கம் அவனுக்கும் தெரியும். கெடுவுக்கு முன்னால வந்து கேட்டா இன்னொரு கெடு உண்டு. தாண்டி வந்தா கிடையாது. தலைச்சுமைக்காரனா இருந்த நான் சொந்த ஷெட்டு போட்டது இந்த ஒரு கண்டிப்பாலதான்.

வாங்க வேண்டியது: சணல். எடை மிஷினுக்கு பேட்டரி. வீட்டுக்காரி மரியாவுக்கு மூட்டுத் தைலம் (மூட்டு வைத்தியம் படிச்ச மக இருக்கும்போது எதுக்குன்னு கேப்பா. இருந்தாலும்).

நவம்பர் 6, வியாழன்

மழை விட்டிருக்கு. கம்பம் பேங்க். போனது என்னோட யாவாரக் கடன், அந்த ஓ.டி. புதுப்பிக்க. மேனேஜரம்மா கம்ப்யூட்டரைப் பாத்துக்கிட்டே, "உங்க மக படிப்புக் கடன்ல மூணு தவணை நிக்குதே. கூடக் கையெழுத்துப் போட்டது நீங்கதான?"ன்னாக. பின்னால வரிசையில நம்ம ஊர்க்காரனுக ரெண்டு பேரு. காது ரெண்டும் இங்கன.

முதல் தவணை நின்னது ஆகஸ்ட் 20. தொண்ணூறு நாள் கணக்கு, நவம்பர் 18 கடைசி. அதுக்குள்ள ஏற்பாடு பண்ணலைன்னா வாராக்கடன். அவ பேரும் கெடும், என் ஓ.டி.யும் தொங்கும். மெசேஜெல்லாம் அவ நம்பருக்குத்தான் போயிருக்கு.

ஸ்டெல்லா பிஸியோதெரபி படிச்சவ. கோயம்புத்தூர்ல வேலை பாத்த கிளினிக்கை ஜூலையில மூடிட்டாக. கைக்காசுல தவணை கட்டிக்கிட்டிருக்கான்னு நான் பாட்டுக்கு இருந்துட்டேன். வீட்டுக்கு வந்ததும் கத்துனேன்.

"ஏன்த்தா சொல்லலை?"

"சொன்னேன்ப்பா."

"எப்ப?"

"ஓணத்துக்கு முதல் லோடு ஏத்துனீகள்ல, அன்னைக்கு. தராசுகிட்ட வந்து 'அப்பா, ஒரு விஷயம்'னேன். 'லோடு போகட்டும்'னீக."

"பெறகு வந்திருக்கலாம்ல?"

"பெறகு எந்த நாளு லோடு இல்லாம இருந்துச்சு?"

அடுப்படியிலிருந்து மரியா: "நல்லாக் கேளு."

சாப்பிடலை. இந்த நோட்டையே பின்னால பிரட்டினேன். ஆகஸ்ட் 18: "ஓண லோடு 310 பெட்டி. ஸ்டெல்லா ஷெட்டுக்கு வந்தா. எதுக்குன்னு தெரியலை." என் கையெழுத்துதான்.

முதல் தவணைக் கெடுவுக்கு ரெண்டு நாள் முன்னாலயே வந்திருக்கா.

நவம்பர் 8, சனி

மேகமலைப் பக்கம் மழைக் கருக்கல். பெட்டி 90 மட்டும்.

கந்துவட்டிக்காரர்கிட்ட வாங்கி மூணு தவணையையும் ஒரே வீச்சுல கட்டிருவோம்னேன். ஸ்டெல்லா சிரிச்சா. "பத்து வட்டிக் கடனுக்கு முப்பது வட்டியில வாங்கிக் கட்டுவீகளா? நீங்க யாவாரிதான?" பேங்குல அவளே விசாரிச்சுட்டு வந்திருக்கா. அவ எழுதினதைப் பாத்து:

1. ஆறு மாசம் ஒண்ணும் கட்ட வேண்டாம். ஆனா வட்டி ஓடும், முதலோட சேரும். ஐந்து லட்சத்துக்கு ஏறக்குறைய 25,000 ஏறும்.
2. ஒரு வருசத்துக்கு வட்டி மட்டும். மாசம் 4,150 சுமாரு.
3. வருசத்தை நீட்டுறது. தவணை 8,300லேர்ந்து 6,600 ஆகும். மொத்தத்துல வட்டி கூட.

எதை எடுத்தாலும் பழைய நிலுவையில ஒரு தவணையாவது இப்பவே கட்டணும். சிபில்ல, அதான் கடன் ஜாதகத்துல, ஒரு குறிப்பும் விழும்.

என் கணக்கு: ஒண்ணாவது பாக்கத்தான் சொகுசு. விலை ஏறட்டும்னு பழுத்த குலையைக் கொடியிலேயே விட்டுட்டு மழைக்காலத்துல தூங்குற கதை. மூணாவதுக்கு வேலை நிச்சயம் இருக்கணும். ரெண்டாவது சரி.

"அந்த நாலாயிரத்தை நான் கட்டுறேன்"னேன்.

"வேண்டாம். என்கிட்ட இருக்கு."

எங்கருந்துன்னு கேட்டேன். எழுதின தாளை மடிச்சு எடுத்துக்கிட்டுப் போயிட்டா. சாயந்தரம் லோடுமேன் சேசு வாயால வந்துச்சு. "பாப்பா முதுகுக்கு வைத்தியம் பாத்துச்சு மொதலாளி. எரநூறு வாங்கிக்கிருச்சு. உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனைச்சேன்." என் ஷெட்டு ஆளுக ஆறு பேரு, வாழைக்காய் மண்டியில நாலு பேரு, எல்லாருக்கும் காசுக்குத்தான் பாத்திருக்கா. மக இலவசமாப் பாக்குறான்னு ஊரெல்லாம் பெருமை பேசிக்கிட்டிருந்தேன். நல்லவேளை, நம்ம ரத்தம்.

நவம்பர் 10, திங்கள்

பேங்க். ஒரு தவணை 8,300, அவ காசு. எல்லாம் நூறும் எரநூறும். கேஷியர் எண்ணி முடிக்க நேரம் ஆச்சு.

விண்ணப்பம் அவ எழுதினா. கிளினிக் மூடின கடிதம், அவளோட பாஸ்புக், என் ஆதார் நகல். "தற்சமயம் முழுத் தவணை செலுத்த இயலாத நிலையில் உள்ளோம்". இந்த வரிக்குக் கீழ கையெழுத்துப் போடும்போது கை நின்னுருச்சு. கெடு கொடுத்துத்தான் பழக்கம், கேட்டுப் பழக்கமில்ல. போட்டேன்.

மேனேஜரம்மா கேட்டாக: "இதை ஆகஸ்ட்லயே வந்து கேட்டிருந்தா சுலபமா முடிஞ்சிருக்குமே. ஏன் லேட்டு?"

நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள ஸ்டெல்லா: "அப்பாவுக்கு லோடு நாளா இருந்துச்சு மேடம்."

அந்தம்மா சிரிக்கலை. எழுதிக்கிட்டாகளோ என்னமோ.

ஜீப்புல திரும்பினோம். உத்தமபாளையத்துல இறங்கி ஆளுக்கொரு டீ.

நவம்பர் 17, திங்கள்

மதியம் போன். வட்டி மட்டும், ஒரு வருசத்துக்கு. சம்மதம். கெடுவுக்கு ஒரு நாள் மிச்சம். ஓ.டி.யும் புதுப்பிச்சிருவாகளாம். மரியா கோயிலுக்கு மெழுகுவத்தி வாங்கக் காசு கேட்டா. கொடுத்தேன்.

பால்ராசு விஷயமும் உறுத்துச்சு. நோட்டைப் பிரட்டினேன். அக்டோபர் 3: "பால்ராசு வந்தான். லோடு. பெறகு வரச் சொன்னேன்." அவன் கெடு அக்டோபர் 10.

போன் போட்டு அடுத்த குலை வெட்டு வரைக்கும் கெடுன்னு சொன்னேன். காரணம் சொல்லலை. "மொதலாளி, உடம்புக்கு ஒண்ணுமில்லயே?"ங்குறான், பய.

கோட்டயம்: நாளெ.

நவம்பர் 19, புதன்

வெயில். பழம் சுத்தம். 165 பெட்டி, பாதி ஏத்தியாச்சு. டிரைவர் அவசரப்படுத்துறான், குமுளி மலை ஏறணும்னு.

ஸ்டெல்லா தராசுகிட்ட வந்து நின்னா. "அப்பா, ஒரு விஷயம்."

லோடு போகட்டும்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு.

"ஏலே, லோடு நிக்கட்டும்டா. சொல்லுத்தா."

"சேசண்ணன் இன்னைக்குப் பெட்டி தூக்கக் கூடாது. இந்த வாரம் பூராவும்."

ஒரு ஆள் குறைவு. மிச்சப் பெட்டிக்கு நானும் தோள் கொடுத்தேன். லாரி ஒன்றரை மணி நேரம் லேட்டு. முதுகு வலி. ஸ்டெல்லாவுக்கு எரநூறு ரூபா.