பெரியப்பா கிழித்த கடைசி அத்தியாயம்

அன்பு மகன் ஜெரோமுக்கு,

ஊரப்பாக்கத்திலிருந்து அம்மா எழுதுகிறேன். கர்த்தர் கிருபையில் அப்பாவும் நானும் சுகம், டப்ளினில் நீயும் உன் தௌசிஃப்பும் அப்படியே இருக்க வேண்டும் என்றுதான் தினமும் கேட்கிறேன். எழுத உட்கார்ந்தால் சாப்பாட்டை மறக்கிறாய் என்று தௌசிஃப் போனில் புகார் சொன்னான், அதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை, குளிருக்குக் காதை மூடிக்கொள்.

உன் மூன்றாவது நாவல் வந்ததும் சபைச் செயலாளரான உன் பெரியப்பா தனகோடி செய்த வேலை உனக்குத் தெரியும். ஞாயிறு ஆராதனையில் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்காகப் பேர் சொல்லி ஜெபிக்கிறாரே, அதில் உன் பேரை எடுத்துவிட்டார். சிநேகா பேரிலிருந்து நேரே சாம் பேருக்குத் தாவுவார். கேட்டதற்கு, இன்னாமா கதை அது, ரெண்டு ஆம்பளைங்க லவ் பண்ணிகினே கொலையக் கண்டுபுடிக்கிறானுங்களாம், அதுல சிரிப்பு வேறயா என்றார். அறுப்பின் பண்டிகை வரட்டும் என்று காத்திருந்தேன். அதில் நடக்கும் மூடிய கூடை ஏலம் ஞாபகம் இருக்கிறதா, உள்ளே என்ன, கொடுத்தது யார் என்று தெரியாமலே கேட்பார்கள், எடுத்தவர் முன்னால் போய் நிற்க, பாஸ்டர் சீட்டைப் பிரித்துக் கொடுத்தவருக்காக ஜெபிப்பார். கடப்பாக்கம் வஞ்சிரக் கருவாட்டை மேலே அடுக்கி அடியில் உன் நாவலை வைத்தேன். அந்த வாசனைக்கு உன் பெரியப்பா எவனுக்காவது விட்டுக்கொடுப்பாரா? சீட்டில் 'ஜெரோம், எழுத்தாளர்' என்று இருந்தது. ஜெரோமின் எழுத்தை ஆசீர்வதியும் என்று பாஸ்டர் ஜெபித்தார், சபையே ஆமென் என்றது, கூடையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அவரும் முணுமுணுத்தார். எனக்கு அது போதவில்லை.

வீட்டுக்குப் போனதும் கடைசி அத்தியாயத்தில் உன் துப்பறிவாளனும் மீன்கடைக்காரனும் மாலை மாற்றுவதைப் பார்த்துவிட்டு அதை மட்டும் கிழித்துக் கொளுத்தினாராம். மீதியைப் பெரியம்மா சாராள் புடவைக்கு நடுவில் ஒளித்து வைத்துப் படித்திருக்கிறாள். நேற்று மூச்சிரைக்க வந்து, அடியே, சிரிச்சி சிரிச்சி வயிறு புண்ணாப் பூட்ச்சிடி, கொன்னவன் யாருன்னு மட்டும் சொல்லிடு என்று கையைப் பிடித்துக்கொண்டாள். பெரியப்பா தன் வாயாலேயே உன் பேரைச் சொல்லி ஜெபிக்கட்டும் அக்கா, அன்றைக்கே சொல்கிறேன் என்றேன். இன்றைக்கு அந்த மனுஷனுக்கு நாஸ்தா கிடையாதாம். பழிவாங்குவது பாவம்தான், அதற்கு நான் பிறகு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த நாவலில் மாமல்லபுரம் கடற்கரையில் செத்துக் கிடப்பவருக்கு மட்டும் உன் பெரியப்பாவுக்கு இருப்பதுபோல் சாயம் பூசிய மீசை வை.

உங்கள் இருவரையும் கர்த்தர் ஒரு குறையுமில்லாமல் வைத்திருக்கட்டும். ஒன்று மறந்துவிடாதே, பெரியம்மா உன் வாட்ஸ்அப் நம்பரை வாங்கிப் போயிருக்கிறாள். அழுவாள், கெஞ்சுவாள், உன்னைத் தூக்கி வளர்த்ததைச் சொல்லுவாள். ஞாயிறு ஆராதனை முடியும்வரை கொலையாளி பேரைச் சொல்லிவிடாதே.

உன் அம்மா,
பிரிசில்லா