தரச் சான்றுக்கு ஒரு ஒத்திகை

மார்ச் 4

குழாய் ரிப்பேர்க்காரர் இன்றும் வரவில்லை. அவருக்காகக் காத்திருந்த நேரத்தில் தங்கைதான் வந்தாள். தோள்பையைக் கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள். அப்போதே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது.

அவள் நடத்தும் மழலையர் பள்ளிக்கு அரசு அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்திருக்கிறதாம். தரச் சான்று வாங்காத மழலையர் பள்ளிகள் ஜூலையிலிருந்து மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை வைத்துக்கொள்ளக் கூடாது. ஜூன் முடிய அவகாசம். பெரிய பிள்ளைகளின் அறை நடக்கலாம்; குழந்தை அறையை மூட வேண்டியதுதான்.

அவள் பள்ளி தொடங்கியதே அந்த ஒரு அறையில். பக்கத்து ஆஸ்பத்திரி நர்ஸ்கள், கடைகளில் நிற்கிற பெண்கள் — காலையில் பிள்ளையைக் கொடுத்துவிட்டு ஓடுவார்கள். மற்ற அறைகளெல்லாம் அதற்குப் பிறகு முளைத்தவை.

"அந்த ரூமை மூடுன்னா என்னையே மூடுன்ன மாதிரிதான்," என்றாள். பிறகு, "அக்கா, எனக்குப் பிள்ளை பார்க்கத் தெரியும். பார்க்கறேன்னு எழுதத் தெரியாது. நீ வா."

ஓய்வு பெற்ற பிறகு மணியடித்தால் எழுந்திருக்கும் வேலை இனி இல்லை என்று இருந்தேன். நாளைக்குப் போகிறேன்.

மார்ச் 9

தரச் சான்றுக்கான அரசுக் கையேடு தலையணை கனம். பொறுமையாகப் படித்துக்கொண்டு வருகிறேன். குறை சொல்லவே படித்தேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. பல விஷயம் நியாயமானது. கைக்குழந்தையை மல்லாக்கப் படுக்க வை என்கிறது. கழிப்பறைக் கதவில் உள்தாழ்ப்பாள் கூடாது என்கிறது. நாங்கள் உடனே கழற்றினோம்.

நடுவில் ஒரு வாக்கியம்: 'குழந்தை தன் விளையாட்டைத் தானே தேர்ந்தெடுக்கிறது.' எவ்வளவு நல்ல வாக்கியம்! பென்சிலால் அடிக்கோடு போட்டேன். அதற்குக் கீழேயே: 'சான்று இணைக்கவும்.'

எப்படி இணைப்பது? ஒருவன் சாப்பிட்டான் என்பதற்குக் காலித் தட்டைக் காட்டலாம். ஆசைப்பட்டுச் சாப்பிட்டான் என்பதற்கு எதைக் காட்டுவது?

மார்ச் 12

நாள் முழுக்கப் போட்டோ. விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளை நிறுத்தி, விளையாடுவதுபோல் நிற்கச் சொல்லி எடுத்தோம். தலைவலி.

மார்ச் 18

தங்கை ஒரு ஆலோசகரைப் பிடித்து வந்திருக்கிறாள். வேறு பள்ளிகளுக்குச் சான்று வாங்கிக் கொடுத்தவராம். கக்கத்தில் எப்போதும் ஒரு ஃபைல். இளைய டீச்சர் அவருக்கு ஃபைல்காரர் என்று பெயர் வைத்துவிட்டாள். உள்ளே வந்ததும் பிள்ளைகளைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தார்.

பெரிய அறையில் ஐந்து மூலை வேண்டுமாம். கட்டைகள், புத்தகம், படம் வரைதல், வேஷம் போடும் துணிகள், தண்ணீர்த் தொட்டி. ஒரு அறைக்கு எப்படி ஐந்து மூலை என்றேன்.

"மேடம் ஜோக்கடிக்கறாங்க," என்றார் தங்கையிடம்.

மூலை அமைப்பது பெரிதில்லை. எங்கள் பிள்ளைகள் எல்லோரும் தண்ணீர்த் தொட்டிக்குத்தான் ஓடுகிறார்கள். மற்ற நாலு மூலையிலும் ஆளில்லை.

"காலி மூலை இருந்தா மார்க் போச்சு. எல்லா மூலையிலயும் பிள்ளைங்க இருக்கணும். ஒரே மூலையில கட்டிப் போட்ட மாதிரியும் தெரியக்கூடாது, அப்பப்ப மாறிட்டே இருக்கணும். பழக்கிடுங்க."

தானாகத் தேர்ந்தெடுக்கப் பழக்குவதாம்! காதில் விழுந்ததை அப்படியே எழுதியிருக்கிறேன்.

மார்ச் 22

இரண்டு நாளாக ஒத்திகை. தண்ணீரிலிருந்து பிரித்த பிள்ளைகள் ஆளாளுக்கு அழுகை. இளைய டீச்சரும் அழுதுவிட்டாள். நான் தங்கையைத் தனியே கூப்பிட்டுச் சொன்னேன்: "இது விளையாட்டே இல்லடி. அந்தக் கையேட்டுக்கே எதிரா நடக்கறோம்."

அவள் வெடித்தாள். "உனக்கு மாசம் பிறந்தா பென்ஷன் வருது, அக்கா. நீ கொள்கை பேசலாம். அந்த ரூம்ல தூங்கற பிள்ளைங்களை ஜூலைல எங்க கொண்டு போடறது? உன் மடியிலயா?"

ஒத்திகை நடக்கும் அறைக்கே திரும்பிப் போனேன்.

மார்ச் 26

பிள்ளைகள் அழுவதையாவது நிறுத்தலாம் என்று ஒன்று செய்தேன். இதை ஒரு விளையாட்டாக்கினேன். நான் ஒரு தட்டுத் தட்டினால் எல்லோரும் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு அடுத்த மூலைக்குப் போக வேண்டும். ரயில் வண்டி போல, சத்தமில்லாத ரயில். முதல் தடவை இடித்துக்கொண்டு விழுந்தார்கள், சிரித்தார்கள். மூன்றாம் தடவை தண்ணீர் ஓடுவதுபோல் வழுக்கிக்கொண்டு போனார்கள்.

ஆய்வாளர் முன்னால் கைதட்ட முடியாதே. அதற்கும் வழி கண்டுபிடித்தேன். கையில் ஒட்டிய சாக்பீஸ் தூசியை உதறுவதுபோல் ஒரே ஒரு தட்டு. வாழ்நாள் முழுக்கச் செய்ததுதானே.

ஃபைல்காரர், "மேடம், நீங்க இந்தத் தொழிலுக்கே வந்துடலாம்," என்றார். பிடிக்காத ஆள் புகழ்ந்தும் உள்ளே குளிர்ந்தது. இதை எழுதும்போது எரிச்சலாக இருக்கிறது.

ஏப்ரல் 2

கண்ணாடி போட்ட நாலு வயதுக்காரி ஒருத்தி இருக்கிறாள், கண்ணாடிக்காரி என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறோம். கட்டையில் வீடு கட்டுவாள். இன்று கூரை வைக்கிற நேரத்தில் நான் கை தட்டினேன். பெருமூச்சு விட்டுக் கட்டையைக் கீழே வைத்தாள். பெரியவர்கள் விடும் பெருமூச்சு.

ஏப்ரல் 9

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். இல்லையென்றால் தூக்கம் வராது.

ஆய்வாளர் காலையிலேயே வந்தார். அமைதியான பெண். தனக்குத் தண்ணீர்கூடத் தானே கொண்டுவந்திருந்தார். ஐந்து மூலையும் நிறைந்திருந்தது. நான் ஒருமுறை தூசி உதறினேன், ரயில் நகர்ந்தது. எதையோ குறித்துக்கொண்டார்.

பிறகு குழந்தை அறைக்குப் போனார். இரண்டு அறைக்கும் நடுவில் இடுப்பு உயரத் தடுப்புதான். அங்கே ஒரு நர்ஸின் மகள், இத்தனை நாள் கட்டிலைப் பிடித்துக்கொண்டே நின்றவள், கையை விட்டுவிட்டு இரண்டடி நடந்துவிட்டாள். பார்த்துக்கொள்ளும் பெண்கள் கூவினார்கள். ஆய்வாளரும் தன்னை மறந்து, சிரித்தபடி பட்டென்று கைதட்டினார்.

பெரிய அறை முழுவதும் எழுந்தது. கையில் இருந்ததை வைத்தது. அடுத்த மூலைக்குப் போய் உட்கார்ந்தது.

அவர் திரும்பிப் பார்த்தார். சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றுபோயிருந்தது. இன்னொரு முறை தட்டினார், மெதுவாக. எல்லோரும் மறுபடி எழுந்தார்கள்.

தடுப்பைத் தாண்டி வந்து கண்ணாடிக்காரி பக்கத்தில் குனிந்தார். "ஏன்மா எழுந்துட்டே?"

"நீங்கதானே தட்டினீங்க," என்றாள் அவள்.

போகும்போது என்னிடம், "ரொம்ப நல்லாப் பழக்கியிருக்கீங்க, டீச்சர்," என்றார். கிண்டல் இல்லை. கிண்டலாக இருந்திருந்தால் தேவலை.

ஏப்ரல் 10

தங்கை போனை எடுக்கவில்லை.

ஏப்ரல் 24

அறிக்கை வந்துவிட்டது. குழந்தை அறைக்கு மிக நல்ல மார்க். பெரிய அறையில், பிள்ளைகளின் சுதந்திரம் என்ற பகுதியில் ஆகக் கடைசி. மொத்தத்தில் சான்று இல்லை. ஜூனில் மறு ஆய்வு. எந்த நாள் என்று சொல்ல மாட்டார்கள்.

ஃபைல்காரர் வரவில்லை, போனில் பேசியதோடு சரி. அவர் சொல்லிக் கொடுத்ததில் தப்பில்லையாம், நாங்கள் அளவு மீறிவிட்டோமாம்.

தங்கை பாத்திரம் கழுவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "கொள்கை பேசினவளும் நீ. கை தட்டினவளும் நீ."

இது உண்மை. உண்மை என்பதால்தான் இவ்வளவு கோபம் வருகிறது, அவள் மேல்!

ஏப்ரல் 28

ஒத்திகை முடிந்தது, இனி இஷ்டம்போல் விளையாடுங்கள் என்று சொல்லிவிட்டோம். பிள்ளைகள் அறை நடுவில் நிற்கிறார்கள். என் கையையே பார்த்துக்கொண்டு. "போங்க கண்ணு, உங்களுக்கு எங்க வேணுமோ அங்க போங்க." நகரவில்லை. தண்ணீர்த் தொட்டியை நிறைத்து வைத்திருக்கிறோம், அதன் பக்கம்கூட யாரும் போகவில்லை.

கண்ணாடிக்காரி வந்து என் புடவையைப் பிடித்து இழுத்தாள். "பெரிய மிஸ், இன்னிக்கு நான் எந்த மூலைக்கு ஆசைப்படணும்?"

என்ன செய்துவிட்டேன் நான்?

மே 6

ஒன்றும் நடக்கவில்லை. பாட்டுப் போட்டேன், பாட்டு முடியக் காத்திருக்கிறார்கள். பொம்மைகளை இடம் மாற்றி வைத்தேன், திரும்ப எடுத்து அதே மூலையில் அடுக்கிவிட்டார்கள், அதுவும் அழகாக. ஒழுங்கைக் கண்டு இவ்வளவு எரிச்சல்பட்டது இதுவே முதல் தடவை.

இடது கைப் பழக்கமுள்ள பிள்ளையை அதட்டி வலது கைக்கு மாற்றிய வீடுகள் உண்டு. பிறகு மனம் மாறி இடது கையில் பென்சிலைக் கொடுத்தால், அது பென்சிலைப் பார்க்காது, நம் முகத்தைத்தான் பார்க்கும். அதே கதைதான் இங்கும்.

இன்று முடிவு செய்துவிட்டேன். ஒன்றும் சொல்லப் போவதில்லை. தரையில் உட்கார்ந்து கிழிந்த பொம்மைத் துணிகளைத் தைக்கப் போகிறேன். தைத்துக்கொண்டிருக்கும் கை தட்டாது என்று அவர்களுக்குத் தெரியட்டும்.

மே 11

தைக்கிறேன். நிற்கிறார்கள்.

மே 20

சண்டை! நிஜமான சண்டை! ஒரு வாளிக்கு இரண்டு பேர். ஒருவன் மற்றவனைக் கையில் கடித்துவிட்டான். வாளி கவிழ்ந்து அறை முழுக்கத் தண்ணீர். அதற்குள் நாலு பேர் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கிவிட்டார்கள்.

நான் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு சிரிக்கிறேன், கண்ணில் தண்ணீர். தங்கை துடைப்பத்தோடு ஓடி வந்தாள்.

"பல்லு பதிஞ்சிருக்கு அவன் கையில, நீ சிரிக்கறியா? சாயங்காலம் அவங்க அம்மாவுக்கு யார் பதில் சொல்றது?"

"நான் சொல்றேன்."

"என்னன்னு? உங்க பிள்ளைய கடிச்சது நல்ல விஷயம்னா?"

அப்படியேதான் சொன்னேன், கொஞ்சம் மரியாதையாக. அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனாள்.

ஜூன் 15

ஆய்வாளர் இன்று வந்தார். சொல்லாமல்.

நாங்கள் மோசமான நேரத்தில் அகப்பட்டோம். ஒட்டுமொத்தப் பிள்ளைகளும் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி. வேஷத் துணிகளைத் தண்ணீரில் துவைத்துக்கொண்டிருக்கிறார்கள். படகு மிதக்குமா என்று பார்க்க ஒரு கட்டையைப் போட்டு, மேலே இன்னொரு கட்டை. மற்ற நாலு மூலையும் காலி. புத்தக மூலையில் ஒரு ஈ.

தங்கை வாயைத் திறந்தாள். யாராவது நாலு பேரைக் கூப்பிடத்தான். திறந்த வாயை மூடிக்கொண்டாள். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

ஆய்வாளர் அறை நடுவில் நின்று ஒரு தட்டுத் தட்டினார். இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். கண்ணாடிக்காரி எழுந்தே விட்டாள் — எனக்கு உயிர் போய் வந்தது. எழுந்தவள், "தள்ளுங்க மிஸ், தண்ணி தெறிக்கும்," என்று அவரிடம் சொல்லிவிட்டுத் துணியைப் பிழிந்தாள்.

காலி மூலை ஒவ்வொன்றையும் போய்ப் பார்த்தார். நிறைய எழுதினார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. போய்விட்டார்.

கேட் சாத்தியதும் தங்கை தொடங்கினாள்.

"ஒரே ஒரு பிள்ளையாவது ஒரு புத்தகத்தைத் தூக்கியிருக்கக் கூடாதா?"

"தூக்கச் சொல்லியிருக்கலாம்," என்றேன்.

"சொல்லியிருக்கணும்! நாலு மூலை காலி, அக்கா. அவங்க எழுதினதைப் பார்த்தியா? பக்கம் பக்கமா. உன் பேச்சைக் கேட்டு வாயை மூடிட்டு நின்னேன் பார், என்னைச் சொல்லணும்."

ஆய்வாளர் இருந்தபோது நான் ஒரு வார்த்தையும் பேசவே இல்லையே! அதையும் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

"கொஞ்ச நாளைக்கு வராதே," என்றாள். அழாமல் சொன்னாள். அதனால் வந்துவிட்டேன்.

ஜூன் 24

கடைத்தெருவில் அந்த நர்ஸ் அம்மாவைப் பார்த்தேன், மகள் இரண்டடி நடந்தாளே, அவர்தான். அவள் இப்போது வீடு முழுக்க ஓடுகிறாளாம். "ஜூலைல எங்க விடறதுன்னு தெரியல, டீச்சர். நைட் ட்யூட்டிக்கு மாத்திக் கேட்டிருக்கேன். ராத்திரி வேலை, பகல்ல இவ. எப்பத் தூங்கறதுன்னு கேக்காதீங்க," என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்புக்கு என்ன பதில் சொல்வது? அந்தக் கையேட்டில் அதற்கு ஒரு பக்கம் இருக்கிறதா?

ரிப்பேர்க்காரர் ஆறு நடை வந்த பிறகு வீட்டுக் குழாய் ஒருவழியாகச் சரியானது. சந்தோஷமே வரவில்லை.

ஜூன் 30

கடைசி நாள். அவளும் போன் செய்யவில்லை, நானும் செய்யவில்லை. செய்து என்ன கேட்பது, மூடிவிட்டாயா என்றா?

ஜூலை 2

மதியம் போன். தங்கை. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது.

"அக்கா, சின்ன மெத்தை உறையெல்லாம் துவைச்சு எங்க வச்சே? தேடித் தேடி அலுத்துட்டேன்."

"மாடி அலமாரியில, கீழ்த்தட்டு. ஏன் இப்படிக் கிசுகிசுன்னு பேசறே? உரக்கப் பேசு, காதுல விழல."

"உரக்கப் பேச முடியாது. எல்லாம் இப்பத்தான் தூங்குச்சு."

எனக்குச் சட்டென்று புரியவில்லை. புரிந்தபோது உட்கார நாற்காலியைத் தேடினேன்.

"எல்லாம்னா?"

"எல்லாந்தான். முப்பதாம் தேதி சாயங்காலம் சான்று வந்துடுச்சு," என்றாள். "நாளைக்கு வா. வரும்போது சத்தம் போடாம கேட்டைத் திற."