வீட்டில் பேசும் மொழி

நீ இறந்துபோய் இரண்டு மாதம் ஆகிறது. நேற்று ஏதோ கணக்கெடுப்பு என்று ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். என் வயதைத் தப்பாக எழுதிவிட்டு, ரப்பரால் பரபரவென்று அழித்தாள். அந்த ரப்பர் வாசனை மூக்கில் ஏறியதும் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டேன். அடுத்த கட்டம், வீட்டில் பேசும் மொழி. பென்சில் பிடித்த கையை நிறுத்திவிட்டு அவள் நிமிர்ந்து பார்த்தாள். நான் பதில் சொல்வதற்கு முன்னால் அவள் முகத்தைத்தான் பார்த்தேன். நாற்பது வருடமாக எனக்கு இதே வியாதிதான்.

நாம் இருவரும் ஆசிரியர் பயிற்சியில் கடைசி வருடம் இருந்தோம். நம் தாலுக்காக்கள் திருவிதாங்கூரோடு இருக்குமா, தமிழ்நாட்டோடு சேருமா என்று முடிவாகாத நேரம். சாலையில் போலீஸ் லாரி போனால் கடைக்காரர்கள் பலகையைப் பாதி சாத்துவார்கள். அந்த நேரம் பார்த்துத்தானா நமக்குப் பள்ளிப் பிள்ளைகளின் வாசிப்புத் திறனை ஆராயும் வேலை வந்து சேர வேண்டும்! எந்த மொழியில் வாசிக்கச் சொல்வது என்று தெரிய, முதலில் வீட்டில் பேசும் மொழியைக் கேட்க வேண்டும். இரண்டு வாரம் கழித்து அதே பிள்ளையிடம் இன்னொருவர் கேட்க வேண்டும். இரண்டு பதிலும் ஒத்துப்போனால் அந்த விவரம் நம்பத்தக்கது. போகாவிட்டால் ஆய்வே தள்ளுபடி.

குழித்துறைப் பக்கத்துப் பள்ளியில் முதலில் நான் கேட்டேன். தோவாளைக்காரி, தலை நிறையப் பிச்சிப்பூவோடு போயிருந்தேன். பிறகு நீ போனாய், உன் அக்காளின் வெள்ளை முண்டும் நேரியதும் உடுத்துக்கொண்டு, ஏதோ மலையாளத்துச் சர்க்கார் உத்தியோகஸ்தி மாதிரி. நாற்பது பிள்ளைகளின் படிவங்களையும் அறையில் பரப்பி ஒத்துப்பார்த்துவிட்டு, நான் மறுபடியும் ஒருமுறை எண்ணினேன். பதினொரு பிள்ளைகள் என்னிடம் தமிழ் என்றும் உன்னிடம் மலையாளம் என்றும் சொல்லியிருந்தார்கள். மூன்றாம் வகுப்புத் தங்கம் அதில் ஒருத்தி.

இந்தப் பிள்ளைகள் இப்படிப் பொய் சொல்லுமா என்று நான் பொருமினேன். நீதான் படிவத்தை விரலால் தடவிக்கொண்டு மெதுவாகச் சொன்னாய்: "பொய்யில்லட்டி. பேடி. உனக்கும் எனக்கும் இப்ப இருக்கே, அதே பயம்."

மறுநாள் தங்கத்தின் வீட்டுக்கே போனோம். வேலிப் படலைத் திறக்காமல் அவள் அம்மா நின்றாள். நான் கேட்டதற்குத் தமிழில் பதில் சொன்னாள். நீ கேட்டதும் மலையாளத்துக்கு மாறினாள். இரண்டும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. தங்கத்தின் அப்பா வீட்டுக்கு வராமல் ஆறு நாள் ஆயிற்று என்று பக்கத்து வீட்டுக்காரி ஏற்கெனவே நம் காதில் போட்டிருந்தாள். அம்மா நம் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "நீங்க எதுண்ணு எழுதணும்? அதையே சொல்லுதோம். பிள்ளைய மட்டும் ஒண்ணும் செய்யாதிய."

உள்ளேயிருந்து தங்கம் "அம்மா" என்று கூப்பிட்டாள். அது இரண்டு மொழிக்கும் ஒன்றுதான். திரும்பி வரும் வழியில் அதைச் சொல்லி நீ சிரித்தாய். ஆற்றுப் பாலத்துக்கு வருவதற்குள் அழுதுவிட்டாய்.

அந்த மொழிக் கட்டம் முழுவதையும் நம்ப முடியாது, பிள்ளைகள் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை, கேட்டவருக்குப் பதில் சொன்னார்கள் என்று ஒரு தாளில் எழுதி, கீழே நம் இருவர் பெயரையும் போட்டாய். ஆய்வு தள்ளுபடியானால் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லாவிட்டால் அப்பா பார்த்து வைத்திருந்த மாப்பிள்ளை தயார். அவருக்கு என்னைவிட இருபது வயது மூப்பு. இதையெல்லாம் உன்னிடம் சொல்ல வெட்கப்பட்டேன். சொல்லியிருக்கலாம்.

காய்ச்சல் என்று நீ ஊருக்குப் போன மூன்றாம் நாள் படிவங்களைக் கொடுக்க வேண்டியிருந்தது. நீ எழுதிய தாளை உருவி மடித்து என் பெட்டிக்குள் போட்டேன். நீ பென்சிலில் எழுதியிருந்த பதினொரு மலையாளத்தையும் அழித்துத் தமிழ் என்று எழுதினேன். உன் கையெழுத்தைப் போலவே எழுதினேன். கதவுப் பக்கம் காலடி கேட்கும்போதெல்லாம் ரப்பர் துகளை ஊதி ஊதித் தள்ளினேன்.

நம் விவரம் இத்தனை சுத்தமாக ஒத்துப்போனதை வகுப்பில் நம்மை எழுந்து நிற்கச் சொல்லிப் பாராட்டினார்கள். அந்தப் பதினொரு பேருக்கும் தமிழில் வாசிப்புச் சோதனை நடந்தது. தங்கம் எல்லோரையும்விடக் குறைவாக வாங்கினாள். அவள் பெயருக்கு நேரே "மந்தம்" என்று எழுதியிருந்தார்கள். அவளுக்கு வாசிக்க வரவில்லையா, அந்த மொழி வரவில்லையா, பயத்தில் குரல் வரவில்லையா? எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள இருந்த ஒரே வழியை நான்தான் அடைத்தேன். பிறகு பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தேன், ஒரு பிள்ளைக்கும் அந்தச் சொல்லை நான் எழுதவில்லை. அதனால் தங்கத்துக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

பாராட்டு வாங்கிய அன்று பஸ் நிற்கும் இடத்தில் நீ என் பக்கம் திரும்பாமலே கேட்டாய்: "நீ அழிச்சியா?" இல்லட்டி என்றேன். பஸ் வந்ததும் நீ முதலில் ஏறிக்கொண்டாய். என்றைக்காவது அதைப் பேசிவிடுவாயோ என்று உன் கல்யாணத்திலும், உன் பிள்ளைகளின் கல்யாணத்திலும் பயந்துகொண்டே சாப்பிட்டேன்.

இந்த வருடம் ஆஸ்பத்திரிக் கட்டிலில், மருந்துக் குப்பியைப் பார்த்துக்கொண்டு மறுபடியும் கேட்டாய். "அந்தப் பதினொண்ணும் நீதானே மக்கா? இப்ப சொல்லேன். நான் யாருட்ட போய்ச் சொல்லப்போறேன்?"

உன் முகத்தைப் பார்த்தேன். எந்தப் பதில் உனக்கு நிம்மதி தரும் என்று தேடினேன். பிறகு, இல்லட்டி என்றேன். நீ தலையை ஆட்டிக் கண்ணை மூடிக்கொண்டாய்.

இரண்டு தடவை கேட்டாய், இரண்டு தடவையும் ஒரே பதில் சொன்னேன். நம் விதிப்படி அது நம்பத்தக்க பதில்.