சவுக்கை வெட்டிய பிறகு

பங்குனி, செவ்வாய் இரவு. செய்யூர்.



ஆராய்ச்சிக்காக, ரேடியோ பொருத்திய மூன்று கண்ணாடி விரியன்களைப் பின்தொடர்கிறேன். எந்த வகை நிலம் எவ்வளவு இருக்கிறது, அதில் பாம்பு எங்கே தங்குகிறது என்று ஒப்பிட்டுக் கணக்குப் போட்டேன். விரியனுக்குச் சவுக்குத் தோப்புதான் பிடிக்கிறது, பக்கத்து வேர்க்கடலைக் கொல்லையைத் தவிர்க்கிறது என்று வந்தது. கடலை பிடுங்க ஆள் கூட்டிப் போகும் வள்ளியக்காவிடம் பெருமையாகச் சொன்னேன்.

போன வாரம் தோப்பை வெட்டிவிட்டார்கள். தோப்பு இருந்தவரைக்கும்தான் அந்தக் கணக்கு என்பது எனக்கு உறைக்கவில்லை. இன்று சாயங்காலம் ஆன்டெனாவைத் திருப்பினால், மூன்று விரியனின் சிக்னலும் கொல்லைக்குள்ளிருந்து வருகிறது.

ஓடிப்போய்ச் சொன்னேன். வள்ளியக்கா நம்பவில்லை.

“நீதானே சொன்ன, அதுங்க கொல்லையாண்ட வராதுன்னு. ஆளுங்களுக்குச் சொல்லியாச்சி. விடியறதுக்குள்ள எறங்கிடுவோம்.”

“அப்போ தோப்பு இருந்துச்சுக்கா.”

“இன்னாத்துக்கு இப்ப வந்து பயமுறுத்தற? போய்ப் படு.”

குனிந்து வெறுங்கையால் செடியைப் பிடித்து இழுப்பார்கள்.

அவர்களுக்கு முன்னால் போய் வரப்பில் நிற்கப் போகிறேன். மூன்றும் இருக்கும் இடத்தை ஆன்டெனா காட்டிவிடும்.

தோப்பில் இருந்த மற்ற விரியன்களுக்கு நான் ரேடியோ பொருத்தவில்லை.