நுனி வெட்டிய மரம்

2007 பெப்ரவரி 6
பங்களாவில் புல் வெட்டிக்கொண்டிருந்தேன். தோட்டத்துத் துரை கூப்பிட்டார். விருந்துக்கு வந்த பொலிஸ் ஐயாவின் சம்சாரம், அந்த நோனாவுக்கு, எங்கள் லயத்து வீட்டு முன்னால் நிற்கும் மரத்தின் பெயர் தெரிய வேண்டுமாம். கிறிஸ்மஸ் மரம் என்றேன். சிரித்தார்கள். பிறகு பங்களாப் புத்தகத்தில் படம் பார்த்துக் கண்டுபிடித்தேன் - அரகேரியா. என் எட்டாம் வகுப்பு இங்கிலீஷுக்கு அதுவே ஒரு மணி நேர வேலை. மகன் வின்சன்ட்டுக்கு ஞானஸ்நானம் கொடுத்த வாரம் நட்டது. அவனுக்கும் அதற்கும் பத்தொன்பது வயது.

நோனா அதே மாதிரி ஒரு கன்று கேட்டார். கூச்சத்தை விட்டு மகனைப் பற்றிச் சொன்னேன். டவுன் கடையில் வேலைக்கு நின்றவன், பொலிஸ் சுற்றிவளைப்பில் பிடித்துப்போய் இருபத்தாறு நாள். "ஐயாகிட்ட நான் பேசுறேன். நீங்க ஸ்டேஷன் பக்கம் வந்து தொந்தரவு பண்ணாதீங்க. கன்று வளர்ந்ததும் கொண்டு வாங்க." சிங்களத்தில், அன்பாகத்தான் சொன்னார்.

பெப்ரவரி 18
கீழ்க் கொப்புகளில் ஆறு வெட்டி மணலில் வைத்தேன். செம்பருத்தி நட்டுப் பழகிய கை.

மே 27
ஐந்து கருகிவிட்டது. ஒன்று வேர் விட்டிருக்கிறது! என் பெண்சாதி அஞ்சலா முத்தம் கொடுத்தாள் - எனக்கில்லை, சட்டிக்கு.

ஜூலை 8
ஸ்டேஷனுக்கு ஒரு எட்டு போய்ப் பார்ப்போமா என்றாள் அஞ்சலா. நோனா வரவேண்டாம் என்றாரே, காரியத்தைக் கெடுக்காதே என்று சத்தம் போட்டேன். பெரிய மூளைக்காரன் நான்.

ஆகஸ்ட் 12
கன்று நிமிரவே இல்லை. தரையோடு படுத்துக்கொண்டு போகிறது. குச்சி கட்டினாலும் அப்படித்தான். பலாபத்வலயில் கன்று விற்கிற ஸக்கரியா நானாவிடம் தூக்கிக்கொண்டு போனேன். வயிற்றைப் பிடித்துச் சிரித்தார். "பக்கக் கொப்ப வச்சா பக்கமாத்தான் போகும் ராஜநாயகம். நூறு வருஷம் ஆனாலும் நிமிராது. நிமிர்ந்து வளர நுனிதான் வேணும்."

"அப்ப தாய் மரம்?"

"சாவாது. ஆனா பழைய அழகு வராது."

ஆறு மாசம் போச்சே. ஆறு மாசம்!

ஆகஸ்ட் 19
ஏறினேன். ஏணிப்படி மாதிரி கொப்புகள், ஆனால் இந்தத் தொப்பையை யார் ஏற்றுவது? கீழே பக்கத்து வீட்டு மாரிமுத்து: "அண்ணே, விழுந்துறாதீங்க. அக்கா ஒருத்தருக்கு அழுறதே போதும்."

நுனியை வெட்டிச் சட்டியில் வைத்தேன். அஞ்சலா வெளியே வரவில்லை.

நவம்பர் 25
உயிர் இருக்கிறது.

2008 மார்ச் 9
நேராக நிற்கிறது. புதிதாக ஒரு அடுக்கு, ஐந்து கொப்பு. நட்சத்திரம் மாதிரி.

மே 4
சட்டியோடு பஸ்ஸில் டவுனுக்குப் போனேன். பொலிஸ் குவாட்டர்ஸில் வேறு குடும்பம். ஐயா மாற்றலாகிப் போய்விட்டாராம், தை மாசமே.

சட்டியைக் கையில் வைத்துக்கொண்டே ஸ்டேஷனுக்குள் போனேன். வேறென்ன செய்வது? புது ஆள், நல்ல மாதிரி. புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். "ராஜநாயகம் வின்சன்ட். போன வருஷம் ஜூன் 14 விட்டாச்சு. கையெழுத்தும் இருக்கு."

வீட்டுக்கு வரலையே ஐயா என்றேன். "அது எங்களுக்குத் தெரியாது."

ஜூன் 14. அன்றைக்கு நான் என்ன பண்ணிக்கிட்டு இருந்தேன்? படுத்துக் கெடந்த கன்றுக்குக் குச்சி கட்டிக்கிட்டு இருந்தேன். ஸ்டேஷன் வாசல்ல நின்னிருந்தா - தினமும் நின்னிருந்தா - வெளிய வந்தவன் என்னைப் பாத்திருப்பான். யாரும் கூட்டிட்டுப் போயிருக்க முடியாது. போகாதேன்னவன் நான். நான்தான்.

மே 11
அஞ்சலாவிடம் சொன்னேன். ஏசுவாள் என்று காத்திருந்தேன். ஏசவில்லை.

ஆகஸ்ட் 3
கொழும்பு, கண்டி, ஆஸ்பத்திரிகள், செஞ்சிலுவைச் சங்கம். எல்லா இடத்திலும் காணாமல் போனவருக்கான பாரம் நிரப்பிக் கொடுத்தாயிற்று. இப்போது பார்க்காமலே நிரப்புவேன்.

நவம்பர் 2
இறந்தவர்கள் திருநாள். பூசையில் வாசிக்கக் குடும்பத்தில் செத்தவர்கள் பெயரைத் தாளில் எழுதிக் கோயில் பெட்டியில் போட வேண்டும். அப்பா, அம்மா, அக்கா என்று எழுதி முடித்தேன். அஞ்சலா பக்கத்திலேயே நின்றாள். "அவன் பேரையும் எழுதுங்க. செபமாவது கெடைக்கட்டும்."

"என் கையெழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கு. ஃபாதருக்கு வெளங்காது. நீயே எழுது" என்றேன்.

எழுதினாள். அழகான கையெழுத்து அவளுக்கு.